திருகோணமலைக்கு இடமாற்றம்: மோட்டார் சைக்கிள் இல்லாமல் சமாளிக்கலாமா?

வாவிக்கரையான் கேட்டது:

வணக்கம். எனக்கு மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. கந்தோர் டவுனுக்குள்ளேயே, பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். மனைவிக்கு நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில் வேலை சரிவரும் போலிருக்கிறது. மகன் நாலாம் தரம். எங்களிடம் வாகனம் என்று இருப்பவை இரண்டு சைக்கிள்கள்தான். இங்கே அதுவே போதும், ஊர் முழுக்கத் தட்டை.

இடமாற்றம் என்றதும் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். லீசிங்கில் ஒரு பைக்கை எடு என்கிறார் கந்தோர் நண்பர். குடும்பம் என்றால் பழைய கார் ஒன்றாவது வேண்டும் என்கிறார் மச்சான். மாதா மாதம் லீசிங் கட்டுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வாடகைக்கு மூன்று வீடுகள் பார்த்திருக்கிறோம். ஒன்று உவர்மலையில், வாடகை கொஞ்சம் கூட. மற்றது அன்புவழிபுரத்தில், பெரிய வளவு, வாடகை குறைவு. மூன்றாவது நிலாவெளி வீதியில் அலஸ்தோட்டத்துக்குக் கிட்ட. அங்கே வாகனம் இல்லாமல் இருக்கிற யாராவது சொல்லுங்கள்.

கறள்பெல் எழுதியது:

தம்பி, முதலில் வீட்டை முடிவு செய்யுங்கள். எந்த வீடு என்று சொன்னால் பைக் வேண்டுமா வேண்டாமா என்று நானே சொல்லிவிடுவேன்.

நான் தாதி. பிறந்து வளர்ந்ததெல்லாம் திருக்கடலூர்ப் பக்கம். லுமாலா லேடீஸ் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். காலை முறை, பின்னேர முறை, இரவு முறை என்று மாறி மாறி வருகிற வேலை. வீட்டில் இவரும் சைக்கிள்தான். எனவே இருட்டு, மழை, வெயில் எல்லாம் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறேன்.

திருகோணமலை டவுன் கடலுக்குள் நாக்கை நீட்டினது போலக் கிடக்கிற ஊர். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம். பஸ் நிலையம், பத்திரகாளி அம்மன் கோயில், மக்கெய்சர் மைதானம், மார்க்கெட், பெரியாஸ்பத்திரி, பெரிய பாடசாலைகள் எல்லாம் அந்த நாக்குக்குள் அடக்கம். ரெயில் நிலையமும் தூரமில்லை. இதற்குள் வீடு கிடைத்தால் கார் வெறும் கரைச்சல். மத்திய வீதியில் கார் விட இடம் தேடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் இடம் பிடிப்பதற்குள் நான் மீன் வாங்கி வெட்டுவித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம்.

உவர்மலை வீடு என்றால் ஏற்றம் இருக்கிறது. காலையில் கால் படாமல் இறங்கிவிடலாம், பின்னேரம் மரக்கறிப் பையோடு ஏறும்போது மூச்சு வாங்கும். உருட்டிக்கொண்டு ஏறுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனாலும் மூன்றில் நான் எடுப்பது அதைத்தான்.

அன்புவழிபுரத்தில் நல்ல சனம், வளவும் கிடைக்கும். ஆனால் கண்டி வீதியால் வர வேண்டும். டிப்பரும் தூரத்துப் பஸ்ஸும் அடித்துக்கொண்டு வருகிற ரோட்டில் நாலாம் தரப் பிள்ளையைச் சைக்கிளில் விட எனக்கு மனம் வராது. ஸ்கூல் வான் பிடிக்க வேண்டும், ஓட்டோ பிடிக்க வேண்டும், கடைசியில் பைக்கும் வாங்குவீர்கள். வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

அலஸ்தோட்டம் உங்கள் மனைவிக்கு நல்ல வசதி. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் அந்த வழியால்தான் போகின்றன. ஆனால் நீங்களும் மகனும் தினமும் டவுனுக்கு வர வேண்டும். கச்சான் காற்று தொடங்கினால் வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் அந்த ரோட்டில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள், முகத்தில் அடுப்புச் சூடு அடிக்கும். டவுனில் இருந்துகொண்டு மனைவி மட்டும் பஸ்ஸில் போய் வந்தால் ஒருவருக்குத்தான் தூரம்.

பகலில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. தனியார் பஸ் ஆள் சேரும்வரை உறுமிக்கொண்டு நிற்கும், பிறகு பின்னால் வருகிற பஸ்ஸைக் கண்டால் பறக்கும். அது பழகிவிடும். பொழுது பட்டால்தான் பிரச்சினை, பஸ் சட்டென்று குறைந்துவிடும். வளாகத்தில் மாலை வேலை இருந்தால் திரும்பி வருவது எப்படி என்று வேலையை ஏற்குமுன் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சைக்கிள் விஷயத்தில் இரண்டு காரியம். இங்கே கடல்காற்றுக்கு எல்லாம் கறள் பிடிக்கும், என் பெல்லைப் பார்த்துத்தான் இந்தப் பெயரே வைத்தேன். செயினுக்கு ஒயில் விடாமல் ஒரு மாரி போனால் அந்தச் செயினைக் கழற்றி எறிய வேண்டியதுதான். அடுத்தது லைட். இரவில் கோட்டைப் பக்கமும் உட்துறைமுக வீதியிலும் புள்ளிமான்கள் குறுக்கே வரும். வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள், எங்களுக்கு அவை சில்லுக்குள் பாயாமல் இருந்தால் போதும். கட்டாக்காலி மாடுகள் இன்னும் மோசம், நடு ரோட்டில் படுத்திருக்கும்.

அப்புறம் 2022 பெற்றோல் தட்டுப்பாட்டை மறந்துவிடாதீர்கள். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். அதே ஊரில் சனம் பெற்றோல் செட்டுக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்தது. ஒரு லீற்றர் 470 ரூபாய் வரை ஏறியது. ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாங்குகிற பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கூட வேலை செய்கிறவர்கள் முறைக்கு வர வழியில்லாமல் தவித்தார்கள், நான் வழக்கம்போல மிதித்துக்கொண்டு போனேன். அந்த நேரம் சைக்கிள் விலையும் எகிறிவிட்டது. கொட்டிலில் கிடந்த அப்பப்பாவின் சைக்கிளையெல்லாம் தூசு தட்டினார்கள். பெற்றோல் திரும்பக் கிடைத்ததும் அதெல்லாம் பழையபடி கொட்டிலுக்குப் போய்விட்டது, அதுதான் எனக்குக் கவலை.

ஆலங்கேணி வயல் எழுதியது:

அக்கா சொல்வது டவுன்காரரின் கதை. நாங்கள் கிண்ணியாப் பக்கம். 2009இல் பாலம் திறக்கும்வரை, ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிற படகான ‘பாதை’ வரும்வரைக்கும் கரையில் காத்துக்கிடந்த ஆட்கள். இப்போது 396 மீற்றர் பாலத்தைப் பைக்கில் ஒரு நிமிடத்தில் தாண்டுகிறோம். அந்தக் காத்திருப்பைப் பார்த்தவனிடம் பைக் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

காலையில் வயலைப் பார்க்க வேண்டும், பிறகு டவுனில் கடை. பஸ்ஸை நம்பினால் இரண்டும் கெடும். வாப்பாவுக்கு இரவில் நெஞ்சு வலி வந்தபோது பைக்கில் வைத்துத்தான் கொண்டுபோனோம். குழந்தை குட்டியோடு வருகிறவருக்கு வாகனமே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மூன்றுசில்லு எழுதியது:

நான் டவுனில் ஓட்டோ ஓடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லலாமா?

கடற்கரைப் பக்கம் நிற்கிற ஓட்டோவைக் கையைக் காட்டி மறித்தால் வெளிநாட்டுக்காரருக்குச் சொல்கிற விலையைத்தான் சொல்வார்கள், அது எங்கள் ஆட்களின் பழக்கம், மறைக்க மாட்டேன். உங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓட்டோக்காரரோடு மாதக் கணக்குப் பேசுங்கள். பாடசாலைக்கு மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு வருகிற பங்கு பெரிய காசில்லை. சைக்கிளில் போகிற வீடுகள் சில என்னிடம் மழைக்காலத்துக்கு மட்டும் பேசி வைத்திருக்கின்றன, கார்த்திகை தொடங்கி தைப் பொங்கல் வரைக்கும். அதை ஐப்பசியிலேயே பேசிவிட வேண்டும். மழை கொட்டுகிற காலையில் போன் எடுத்தால் எல்லாரும் "வேறு ஹயர்" என்றுதான் சொல்வோம்.

சமையல் வாயு சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் கடைக்காரரே கொண்டுவந்து தருவார்கள். அதற்காக யாரும் கார் வாங்க வேண்டாம். நாங்கள் எதற்கு இருக்கிறோம்?

கறள்பெல் எழுதியது:

வயல்காரத் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். கிண்ணியாவில் வயலும் டவுனில் கடையும் இருந்தால் நானும் பைக் வாங்கியிருப்பேன். இவர் கேட்டது அந்த வாழ்க்கையைப் பற்றி இல்லை.

நெஞ்சு வலி விஷயத்தில் மட்டும் நான் விட மாட்டேன். நோயாளியை நடுவில் வைத்து, பின்னால் ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பைக்கில் வருவதை எத்தனையோ தடவை வாசலில் கண்டிருக்கிறேன். வழியில் மயங்கினால் மூன்று பேரும் ரோட்டில். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ், காசு வாங்க மாட்டார்கள். வருகிற வழியிலேயே ஒட்சிசன் கொடுக்க ஆள் இருக்கும். அந்த நம்பர் வீட்டில் பெரியவர்களின் போனில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

வாவிக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அன்புவழிபுரத்து மாமரத்தை விட அவவுக்கு மனமில்லை, ஆனாலும் உவர்மலை வீட்டுக்காரரிடம் வாடகை குறைத்துக் கேட்கப் போகிறோம். மச்சானுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. சைக்கிள்கள் இரண்டையும் ரெயிலில் போடலாமா? மகனைத் தனியே பாடசாலைக்கு விடலாமா?

கறள்பெல் எழுதியது:

ரெயிலில் போட்டால் அலைச்சல். மட்டக்களப்புப் பாதையும் எங்கள் பாதையும் கல்ஓயாவில்தான் பிரிகின்றன. உங்கள் சைக்கிள் அவ்வளவு தூரம் மேற்கே போய், அங்கே இறக்கி ஏற்றி, திரும்பக் கிழக்கே வர வேண்டும். சாமான் லொறியிலேயே மேலே கட்டிவிடுங்கள், வாகரை, மூதூர், கிண்ணியாவால் நேரே வந்துவிடும். பெடலைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் அலுமாரியில் கீறல் விழும்.

மகனை இந்த வருடம் தனியே விட வேண்டாம். பாடசாலை விடுகிற நேரம் வான்களும் ஓட்டோக்களும் பைக்குகளும் வாசலில் ஒன்றாக நெரியும், பெரியவர்களே தடுமாறுவோம். நீங்கள் முன்னால், அவர் பின்னால் என்று கொஞ்ச நாள் போங்கள், இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பழகட்டும். வந்ததும் அவருடைய சைக்கிளுக்குப் புதுப் பிரேக் கட்டை போடுங்கள். மட்டக்களப்புத் தட்டையில் அது தேய்ந்திருப்பதே தெரிந்திருக்காது.

மச்சானைப் பொங்கலுக்குக் காரோடு வரச் சொல்லுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகக் கோட்டை வாசலில் அவர் வரிசையில் நிற்கட்டும், நீங்கள் சைக்கிளில் போய் அர்ச்சனைச் சீட்டு எடுத்து வையுங்கள்.