36-ஐ 4 × 9 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள், எப்படிப் புரியவைப்பது?

திண்ணை டீச்சர் (கொழிஞ்சாம்பாறை):

வணக்கம். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏழு வரை பதினோரு பிள்ளைகள். பாதிப் பேர் தமிழ் மீடியம், நாலு பேர் மலையாளம், மிச்சப் பேர் எல்லை தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் இங்கிலீஷ் மீடியம் போகிறவர்கள். ஒருத்தன் பகா எண் என்பான், ஒருத்தி அபாஜ்ய சங்க்ய என்பாள், இன்னொருத்தனுக்கு அது பிரைம். அதில் தொல்லை இல்லை, ஒரே வாரத்தில் மூன்று சொல்லையும் எல்லாரும் பழகிக்கொண்டார்கள்.

தொல்லை காரணிச் செடியில்தான், அதாவது ஒரு எண்ணைப் பகா எண்கள் மட்டும் மிஞ்சும் வரை கிளை கிளையாக உடைத்து எழுதுவதில். 36-க்கு 4, 9 என்று இரண்டு கிளை வரைந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் 1 × 1 × 1 என்று பக்கம் தீரும் வரை போகிறார்கள். 51-ம் 91-ம் பகா எண்தான் என்று சத்தியம் செய்கிறார்கள். போன வாரம் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை, "டீச்சர், நான் 6 × 6-னு ஆரம்பிச்சேன், அவன் 4 × 9-னு ஆரம்பிச்சான், ரெண்டு பேருக்கும் எப்படி ஒரே விடை வந்துச்சு?" என்று கேட்டாள். அது அப்படித்தான் வரும் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். நான் படித்தது பி.காம்., எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

ஓய்வு வாத்தியார் (செங்கோட்டை):

டீச்சர், அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள், பாடமே அவள் கேட்டதுதான்.

முதலில் செடியை ஒரு வாரம் ஓரம் வையுங்கள். ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுத்து, 24 கொட்டையைச் செவ்வகமாக எத்தனை விதத்தில் அடுக்கலாம் என்று கேளுங்கள். 4 வரிசையில் ஆறாறு, 3 வரிசையில் எட்டெட்டு, 2 வரிசையில் பன்னிரண்டு என்று அடுக்குவார்கள். அப்புறம் ஒரு கொட்டையை எடுத்துவிடுங்கள். 23 ஒரே நீளக் கோடாகத்தான் நிற்கும், எப்படித் திருப்பினாலும் செவ்வகம் வராது. பகா எண் என்றால் என்ன என்று கை கண்டுகொண்ட பிறகு, 36-ல் 4-ஐப் பார்த்ததும் "இது இன்னும் சதுரமா அடுக்க வருமே" என்று அவர்களே சொல்வார்கள். எங்கே நிறுத்துவது என்று நாம் சட்டம் போடத் தேவையில்லை.

அவள் கேள்விக்கு வருகிறேன். ஒரு பகா எண் ஒரு பெருக்கற்பலனை மீதியின்றி வகுத்தால், பெருக்கிய எண்களில் ஒன்றையாவது அது வகுத்தே ஆகவேண்டும். பகு எண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவள் கணக்கிலேயே பாருங்கள், 4 என்பது 6 × 6-ஐ வகுக்கிறது, ஆனால் எந்த 6-ஐயும் வகுக்கவில்லை, பாதி இங்கே பாதி அங்கே என்று பிரிந்து கிடக்கிறது. 2-ஐயும் 3-ஐயும் அப்படிப் பிரிக்க முடியாது. அதனால்தான் எந்தக் கிளையில் ஆரம்பித்தாலும் அடியில் இரண்டு 2, இரண்டு 3 வந்து நிற்கிறது. பகா எண்ணைப் பற்றி முதலில் சொன்ன அந்த வரியை கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கி.மு. 300 வாக்கிலேயே நிரூபித்துவிட்டார், விடை ஒன்றே ஒன்றுதான் என்பதை ஜெர்மன் கணித அறிஞர் காஸ் 1801-ல் தெளிவாக எழுதி வைத்தார். ஆறாம் வகுப்பில் நிரூபணம் வேண்டாம். "வேற விடை வர்ற மாதிரி 72-ஐ உடைச்சுக் காட்டுறவங்களுக்கு மிட்டாய்" என்று சொல்லிவிடுங்கள். மிட்டாய் செலவாகாது.

நகரிக்காரன்:

சார் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் பரீட்சையில் 1,260 வந்தால் புளியங்கொட்டைக்கு எங்கே போவது? நான் நகரியில் படித்தவன், வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பகா எண்ணுக்கு அங்கே பிரதான சங்க்ய. எங்களுக்கு வகுத்தல் முறை மட்டும்தான், 2-ல் ஆரம்பித்து முடிந்தவரை 2, அப்புறம் 3, அப்புறம் 5. 84, 42, 21, 7, 1, முடிந்தது. நான் க.சா.கு. (மீச்சிறு பொது மடங்குக்குத் தெலுங்குச் சுருக்கம்) கண்டுபிடித்ததெல்லாம் அதில்தான், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

51, 91 தகராறுக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். 121-க்குக் கீழே எந்த எண் கொடுத்தாலும் 2, 3, 5, 7 நாலை மட்டும் சோதித்தால் போதும். பகு எண்ணாக இருந்தால் அதன் காரணி ஒன்றாவது 11-க்குக் கீழே இருந்தாகவேண்டும், இரண்டும் 11 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கல் 121-ஐத் தொட்டுவிடுமே. 51-ல் 5 + 1 = 6, ஆகவே 3 போகும். 91 என்பது 70 + 21, இரண்டிலும் 7 போகும். 97-ல் நாலும் போகாது, அது பகா எண். 7-ம் வாய்ப்பாடு தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் 91 பகா எண்ணாகத் தெரியும், அவனுக்குச் செடியோ கொட்டையோ உதவாது.

லயத்து வீட்டுக்காரி (தேவிகுளம்):

நகரித் தம்பி, வகுத்தல் முறை வேகமானதுதான், ஆனால் என் மகன் அதில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, 2 × 2 × 3 என்று எழுதினவன் அதைக் கூட்டி 7 என்று சொன்னான். அவனுக்கு அது மேலிருந்து கீழே இறங்குகிற எண்கள், அவ்வளவுதான்.

நான் செய்தது இது. மஞ்சாடிக்குரு என்றால் 2, புளியங்கொட்டை 3, சட்டைப் பொத்தான் 5. 12 என்பது இரண்டு மஞ்சாடியும் ஒரு கொட்டையும் போட்ட பொட்டலம். 18 என்பது ஒரு மஞ்சாடி, இரண்டு கொட்டை. பெருக்குவது என்றால் இரண்டு பொட்டலத்தையும் ஒன்றாகக் கொட்டுவது. இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒரு மஞ்சாடி, ஒரு கொட்டை, அதுதான் மீப்பெரு பொதுக் காரணி 6. இரண்டு பொட்டலமும் தனித்தனியே உள்ளே அடங்கக்கூடிய ஆகச்சிறிய பொட்டலம் 36, அது மீச்சிறு பொது மடங்கு. 12 நிமிஷத்துக்கு ஒரு பஸ், 18 நிமிஷத்துக்கு ஒரு பஸ், இரண்டும் சேர்ந்து கிளம்பினால் மறுபடி எப்போது சேரும் என்ற கணக்கும் அதே பொட்டலம்தான் (எங்கள் மலையில் அப்படி பஸ் வந்தால் நன்றாயிருக்கும், அது வேறு கதை).

1 எது என்று கேட்டான். வெறும் பொட்டலம் என்றேன். அதைப் பகா எண் என்று வைத்தால் 6-க்கு 2 × 3, 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று விடை முடிவில்லாமல் போகும், "ஒரே விடை" என்பது கெட்டுப்போகும், அதற்காகத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். 1742-ல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞரே 1-ஐப் பகா எண்ணாகத்தான் எண்ணினார், அதனால் பிள்ளைகளைத் திட்டவேண்டாம்.

திண்ணை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் கொட்டையும் மஞ்சாடியும்தான் திண்ணை முழுக்க, பெருக்கி மாளவில்லை. 72-க்கு மிட்டாய் இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது. இப்போது கூட்டிவிடுகிற பழக்கம் ஒருத்தனுக்கு மட்டும் பாக்கி. வகுத்தல் முறையை அடுத்த வாரம் தொடங்கலாம் என்றிருக்கிறேன், நகரிக்காரர் சொன்ன நாலு எண் சோதனையை இன்றே சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

ஆனால் அந்த ஆறாம் வகுப்புக்காரி அதோடு விடவில்லை. 121-க்கு மேலே போனால் எத்தனை எண்ணைச் சோதிக்கணும் என்கிறாள்.

ஓய்வு வாத்தியார் (செங்கோட்டை):

11-ஐயும் சேர்த்துக்கொண்டால் 168 வரை போகலாம். அதற்குமேல் ஏன் போக முடியாது என்று அவளையே கேளுங்கள்.