வீடு மாற்றியதும் 32 ஜிபி ராமில் 16 தான் காட்டுகிறது: கூலர் கனம் காரணமா?

இரவுப்பறவை:
வணக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஐ5-12600கே ப்ராசசர், எல்ஜிஏ 1700 போர்டு, 16 ஜிபி ராம் இரண்டு. ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலர் இரட்டை ஃபேன் வைத்த டவர், ஒன்றேகால் கிலோ இருக்கும். போன வாரம் வீடு மாற்றினோம். கேபினெட்டை நிற்க வைத்தபடியே வண்டியில் ஏற்றிவிட்டேன், வழியெல்லாம் குண்டும் குழியும். இப்போது விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையிலேயே 16 ஜிபிதான் தெரிகிறது. வீடியோ ரெண்டர் போட்டால் ஒரே நிமிஷத்தில் 97 டிகிரி. முன்பு 75 தாண்டாது. ராம் செத்துவிட்டதா? வேலைக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன், தயவுசெய்து உதவுங்கள்.

பழுதுநோக்கி:
ராமை உடனே குறை சொல்ல வேண்டாம் நண்பரே. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு ராமோடு நகர்கிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா?

இரவுப்பறவை:
மாற்றிவிட்டேன். எந்த ராமைப் போட்டாலும் ப்ராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஸ்லாட்டும் எடுக்கவில்லை. மற்ற இரண்டில் இரண்டு ராமும் ஓடுகின்றன.

செம்புக்குழாய்:
அப்படியானால் ராம் நன்றாக இருக்கிறது, ஒரு சேனல், அதாவது ப்ராசசரிலிருந்து அந்த இரண்டு ஸ்லாட்டுக்கும் போகும் பாதை, முழுசாக விழுந்திருக்கிறது. ராமை இயக்கும் மெமரி கண்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளேயே இருப்பதால் ராமின் சிக்னல் எல்லாம் சாக்கெட் பின்கள் வழியாகத்தான் போக வேண்டும். கூலர் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் அந்த ஓரத்துப் பின்கள் சரியாகத் தொடாது. சூடும் சேர்ந்து ஏறியிருப்பதால் என் சந்தேகம் கூலர்மேல்தான்.

எடை மட்டும் குற்றவாளி இல்லை. கேபினெட் அசையாமல் நிற்கும்வரை போர்டின் பின்பக்கம் இருக்கும் நல்ல பேக்பிளேட் அந்தக் கனத்தைத் தாங்கிவிடும். ஆனால் கனமெல்லாம் போர்டிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. வண்டி ஒவ்வொரு முறை தூக்கிப்போடும்போதும் ஸ்க்ரூவை நெம்புகோல் மாதிரி பிடித்து இழுக்கும். 700 கிராமுக்கு மேல் இருந்தால் எடுத்துச் செல்லும் முன் கூலரைக் கழற்றச் சொல்லி கூலர் தயாரிக்கும் நாக்டுவா நிறுவனமே அறிவுறுத்துகிறது.

ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள், ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இளகும். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைப் படுக்க வையுங்கள். ஃபேன்களை எடுத்து ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் கூலரை இடவலமாக லேசாகத் திருகித் தூக்குங்கள். பேஸ்ட் படிந்திருக்கும் விதத்தை ஃபோட்டோ எடுக்காமல் துடைத்துவிடாதீர்கள்.

பழுதுநோக்கி:
படிப்பவர்களில் ஏஎம்டி ப்ராசசருக்கான ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: அதில் பின்கள் ப்ராசசரில் இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் ப்ராசசரே கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இரவுப்பறவை:
கழற்றினேன். மேல்பக்க ஸ்க்ரூ விரலாலேயே சுற்றுகிறது! ப்ராசசர் தகட்டின் கீழ் ஓரத்தில் பேஸ்ட் கண்ணாடி மாதிரி மெலிந்திருக்கிறது. மேல் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தடித்து, நடுவில் முடி அளவுக்கு ஒரு பிளவு. பின்கள் வளைந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

செம்புக்குழாய்:
ப்ராசசரை எடுத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல பின்கள் எல்லாம் ஒரே வரிசையாக மின்னும். வளைந்தது தனியாகத் தெரியும். விரலோ துணியோ உள்ளே படவே கூடாது. பிறகு ப்ராசசரைத் திரும்பப் பொருத்தி, அதன் மேல் தகட்டையும் கூலரின் அடிப்பக்கத்தையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதுப் பேஸ்ட் வையுங்கள். ஒரு ஸ்க்ரூவை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். இதற்குக் கொஞ்சம், அதற்குக் கொஞ்சம் என்று அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றி, தானாக நிற்கும்வரை. அதற்குமேல் பலம் போட்டால் போர்டு வளைந்து இதே சேனல் கோளாறு திரும்ப வரும்.

இரவுப்பறவை:
பின்கள் எல்லாம் நேராகவே இருந்தன. நீங்கள் சொன்னபடியே முடுக்கினேன். முதல் முறை ஆன் செய்ததும் திரை வர ஒரு நிமிஷம் ஆனது, உயிரே போய்விட்டது. இப்போது 32 ஜிபியும் தெரிகிறது! அரை மணி நேரம் ரெண்டர் ஓடியும் 74 டிகிரிதான். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

செம்புக்குழாய்:
மிக்க மகிழ்ச்சி. இன்றிரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு சுற்று ஓடவிடுங்கள்; பிழை ஏதாவது காட்டினால் இங்கேயே எழுதுங்கள், பார்க்கலாம்.