ஹைக்கூ கூடுகையில் பெயரைப் பார்க்காமல் கவிதையைப் படிக்க என்ன வழி?

காவேரிப்பட்டணம் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, எழுதிய ஹைக்கூக்களை (ஜப்பானிய மரபில் வந்த மூன்றடிக் குறுங்கவிதைகளை) ஒருவர் முன் ஒருவர் வாசித்து வருகிறோம். மூத்தவர் ஒருவர் வாசித்தால் உடனே கைதட்டல் எழுகிறது; கல்லூரி மாணவி வாசித்தால் ஆளுக்கொரு திருத்தம் சொல்கிறார்கள். இரண்டிலும் கவிதையை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்பதே என் வருத்தம். பெயரை ஒதுக்கிவிட்டுக் கவிதையை மட்டும் பேசும்படி கூடுகையை எப்படி நடத்துவது? சென்ற மாதம் பாராட்டு மட்டுமே கிடைத்த என் கவிதையையும் தருகிறேன். தயங்காமல் கருத்துச் சொல்லுங்கள்.

மாங்கூழ் ஆலை வாசல்
காத்திருக்கும் லாரிகள்
கண்ணீர் வடிக்கும் விவசாயி

தருமபுரி நண்பர்:
அம்மா, நீங்கள் கேட்கும் வழி ஜப்பானியரிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அவர்கள் அதைக் 'குகாய்' என்கிறார்கள். வந்தவர்கள் தத்தம் கவிதைகளைப் பெயர் எழுதாமல் தனித்தனித் துண்டுத்தாள்களில் எழுதித் தருவார்கள். தாள்களைக் கலந்து பிரித்துக் கொடுத்ததும், ஒவ்வொருவரும் தமக்கு வந்தவற்றைத் தம் கையெழுத்தில் வேறொரு தாளில் படியெடுப்பார்கள். கையெழுத்தை வைத்துக்கூட ஆளை அடையாளம் காண முடியாதபடி செய்யும் இந்த ஏற்பாடுதான் முறையின் உயிர். பிறகு அந்தத் தாள்கள் சுற்றி வர, பிறர் எழுதியவற்றில் தமக்குப் பிடித்தவற்றை ஒவ்வொருவரும் குறித்துக்கொண்டு உரக்க வாசிப்பார்கள். தன் கவிதை வாசிக்கப்படும்போதுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார்.

ஹைக்கூவே கூடி எழுதும் மரபில் வேர் கொண்ட வடிவம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜப்பானியக் கவிஞர் பாஷோ (1644–1694) காலத்தில் பலர் சேர்ந்து தொடராகப் பாடிய 'ரெங்கா' வகைக் கவிதையின் முதற்கண்ணியாக இருந்ததைத்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் மசாவோகா ஷிகி தனிக்கவிதையாக நிலைநிறுத்தி ஹைக்கூ என்று பெயரிட்டார். எனவே பிறர் கவிதையைப் பொறுமையாகப் படிப்பதும் இக்கலையில் பாதி வேலை என்றே நான் கருதுகிறேன்.

ஊத்தங்கரை ஆசிரியர்:
உங்கள் கவிதையைப் பற்றிச் சொல்கிறேன். முதலிரண்டு அடிகள் காட்சியைத் தருகின்றன. மூன்றாவது அடி அந்தக் காட்சிக்கு விளக்கம் சொல்லிவிடுகிறது. ஆலை வாசலில் நாள்கணக்கில் நிற்கும் லாரியில் அடியில் கிடக்கும் மாங்காய்கள் நசுங்கிப் பலகை இடுக்கு வழியாகச் சாறு ஒழுகுவதை நம் பக்கத்து மக்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். அதையே கொண்டு,

மாங்கூழ் ஆலை வாசல்
நிற்கும் லாரியிலிருந்து சொட்டுகிறது
மாம்பழச் சாறு

என்று நிறுத்திப் பாருங்கள். விவசாயியின் கண்ணீரைச் சொல்லாமலே வாசகர் உணர்ந்துகொள்வார். இது ஒரு வாசிப்பு மட்டுமே, முடிவு உங்களுடையது.

பென்னாகரம் வாசகர்:
ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். அசை எண்ணிக்கையை மட்டும் கூடுகையில் சட்டமாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று அடிகளுக்கும் முறையே ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கு ஜப்பானிய ஒலியளவைச் சார்ந்தது. ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களை அதற்குள் அடைத்தால் கவிதை மூச்சுத் திணறுகிறது. 1916இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது வியந்ததும் அதன் சுருக்கத்தைத்தான்.

நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது பருவத்தை. பருவச் சொற்களைத் தொகுத்து வைக்கும் நூல்கள் ஜப்பானியரிடம் உண்டு. பெரும்பொழுது, சிறுபொழுது என்று காலத்தைப் பகுத்துப் பாடிய நமக்கு அது புதிதும் அன்று. ஜப்பானியரின் செர்ரிப் பூவை நாம் இரவல் வாங்க வேண்டாம். தையில் எருது விடும் விழா, மாசியில் மாம்பூ, அதையடுத்துப் புளி உலுக்குதல், ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் கூடும் கூட்டம் என நம் ஊர்ப் பருவங்களை ஒரு நோட்டில் தொகுத்து, மாதத்துக்கு ஒன்றாகத் தலைப்புக் கொடுங்கள். எல்லோரும் ஒரே பொருளை எழுதும்போது யார் உண்மையில் நின்று பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

காவேரிப்பட்டணம் வாசகி:
மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவின் வாசிப்பைப் பார்த்த பிறகு மூன்றாம் அடியை நீக்க முடிவு செய்துவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் உள்ளது: பெயரில்லாமல் தேர்ந்தெடுக்கும்போது ஒருவர் கவிதையை யாருமே எடுக்கவில்லை என்றால், புதிதாக எழுத வந்தவர் மனம் உடைந்து அடுத்த மாதம் வராமல் போய்விட மாட்டாரா?

தருமபுரி நண்பர்:
அந்த அச்சம் நியாயமானதே. தேர்வு பெறாத கவிதைக்கு யார் பெயரும் கேட்காமல் விட்டுவிடுங்கள். யாருடையது என்று வெளியே தெரியாததால் அவருக்கு மற்றவர்முன் தலைகுனிவு நேராது. தேர்ந்தெடுத்தவர், "நன்றாக இருக்கிறது" என்று முடித்துவிடாமல், எந்தச் சொல்லில் நின்றார், ஏன் நின்றார் என்று ஓரிரு வாக்கியமாவது சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கட்டாயமாக்குங்கள். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதே புதியவருக்குப் பெரிய பயிற்சி. மூத்தவரின் கவிதையும் சில மாதங்கள் தேர்வு பெறாமல் போகும். அதை அவர் ஏற்றுக்கொள்ள, முதல் கூடுகைக்கு முன்பே அவரிடம் தனியாகப் பேசி இசைவு பெற்றுவிடுவது நல்லது.