மறுமொழி: ‘ட்ரபிள்ஷூட்டிங்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வலைச்செயலிகளின் உதவிப் பக்கங்களில் ‘ட்ரபிள்ஷூட்டிங்’ (இயங்காமல் நின்றதன் காரணத்தைத் தேடிச் சரிசெய்வது) என்று வரும் தலைப்புக்கு இவ்விழையில் இதுவரை பிழைத்திருத்தம், சரிசெய்தல், சிக்கல் தீர்த்தல், வழுநீக்கம் ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கும் எளியவை, நான்கும் ஏதோ ஓரிடத்தில் ஏற்கெனவே புழங்குகின்றன. ஆயினும் பக்கம் திறக்காமல் வெள்ளைத் திரையோடு நின்றுவிடும்போது அதைத் திறக்கவைக்க முயல்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்த்தால், இந்த நான்கும் அவர் செய்யும் வேலையைச் சுட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. திருத்தம், தீர்வு, நீக்கம் ஆகிய அனைத்தும் வேலை முடிந்த பிறகு கிடைக்கும் பயன்களைக் குறிக்கின்றன. வேலையின் பெரும்பகுதியோ எந்தப் படியில் நின்றுபோயிற்று என்று கண்டறிவதிலேயே கழிகிறது. சொல்லிலும் அந்தக் கண்டறிதல் இடம்பெற வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் அந்த வேலையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முகவரியைத் தட்டியது முதல் பக்கம் கண்ணுக்குத் தெரிவது வரை பல படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. உலாவி, தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியை டிஎன்எஸ் என்னும் பெயரேட்டின் வழியாகக் கேட்டுப் பெறுகிறது, அந்த முகவரியில் உள்ள வழங்கியோடு (தளத்தை அனுப்பித்தரும் ‘சர்வர்’ கணினியோடு) இணைப்பை ஏற்படுத்துகிறது, தளத்தின் அடையாளத்தை உறுதிப்படுத்த வழங்கி காட்டும் சான்றிதழ் நம்பத்தக்கதா, காலாவதி ஆகாததா என்று சரிபார்க்கிறது, பக்கத்தின் உள்ளடக்கமான எச்டிஎம்எல் கோப்பைக் கேட்டு வாங்குகிறது, அதில் குறிப்பிடப்பட்டுள்ள சிஎஸ்எஸ் (தோற்றம்), ஜாவாஸ்கிரிப்ட் (நிரல்) கோப்புகளைத் தனித்தனியே தருவிக்கிறது, ஜாவாஸ்கிரிப்டை இயக்குகிறது, இயங்கத் தொடங்கிய நிரல் மீண்டும் வழங்கியிடம் தரவு கேட்கிறது, வந்த தரவைத் திரையில் வரைகிறது. இவற்றில் எந்தப் படியில் தடைப்பட்டாலும், பயனருக்குத் தெரிவது பெரும்பாலும் ஒரே காட்சிதான்: வெற்றுத் திரை, அல்லது ஓயாமல் சுழலும் வட்டம்.

காரணங்களோ ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. கணினியின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தாலே போதும், செல்லுபடியாகும் சான்றிதழும் ‘இன்னும் நடைமுறைக்கு வராதது’ என்று உலாவியால் மறுக்கப்படும். 2021 செப்டம்பர் 30 அன்று, தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்குப் பின்புலமாக இருந்துவந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, தளத்திலோ நிரலிலோ ஓர் எழுத்தும் மாறாத நிலையில், புதுப்பிக்கப்படாத பல கருவிகளில் தளங்கள் திறக்க மறுத்தன. அதே ஆண்டு சனவரி 12 முதல், உலாவியில் அசைவூட்டங்களை இயக்கிவந்த ஃபிளாஷ் பிளேயர் மென்பொருள் தன்னுள் எதையும் இயக்கவிடாமல் நிறுத்திக்கொண்டது. அதை நம்பி எழுதப்பட்டிருந்த விளையாட்டுகளும் பாடங்களும் எழுதியவாறே சரியாக இருந்தும் இயங்காமற்போயின. இவற்றில் எதைப் ‘பிழை’ என்பது? எந்த ‘வழு’வை நீக்குவது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு சொற்களையும் பார்க்கலாம்.

> ‘பிழைத்திருத்தம் என்பதே போதுமே, அனைவருக்கும் புரியுமே?’

புரியும்; ஆனால் வேறொன்றாகப் புரியும். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளைப் பிழைதிருத்தி என்றே அழைக்கிறோம். அச்சுப்படியில் திருத்தம் செய்வதும் பிழைதிருத்தமே. இதைவிடப் பெரிய இடர், ‘பிழை’ என்ற சொல் யாரோ தவறு செய்துவிட்டதாகக் குற்றம் சாட்டுவது. விண்ணப்பம் நிரப்ப வந்தவர் திரையில் ‘பிழை’ என்று கண்டதும், தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்றே எண்ணிக்கொள்கிறார். வழங்கி 503 என்ற நிலைக்குறியீட்டை (கேட்டது என்னவாயிற்று என்று சொல்லும் எண்ணை) அனுப்புவது, இப்போதைக்குச் சேவை தர இயலவில்லை என்று வழங்கியே ஒப்புக்கொள்வதாகும். அதில் பயனருக்கு எப்பங்கும் இல்லை. 4 என்று தொடங்கும் குறியீடுகள் கேட்ட தரப்பையும், 5 என்று தொடங்குபவை வழங்கித் தரப்பையும் சுட்டுகின்றன என்ற அடிப்படை வேறுபாட்டைக்கூடப் ‘பிழை’ என்ற ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிறது.

வழுநீக்கம் நல்ல சொல். ஆனால் அது நிரலாளருக்கு உரியது. நிரலில் உள்ள வழுவைக் கண்டு நிரலையே மாற்றுவது வழுநீக்கம். உதவிப் பக்கத்தைப் படிப்பவருக்கு நிரலைத் தொடும் உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், நிரலாளருக்கான ஆவணமும் பயனருக்கான ஆவணமும் தேடலில் கலந்துவிடும். சிக்கல் தீர்த்தல் மிகப் பொதுவானது. கணிதப் பாடத்திற்கும் பொருந்தும், குடும்ப வழக்குக்கும் பொருந்தும்.

‘சரிசெய்தல்’ குறித்துச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல இடைமுகங்களில் அதுவே இடம்பிடித்திருக்கிறது. இத்தலைப்பின்கீழ் எழுதப்படும் உதவிப் பக்கங்கள் எவ்வாறு அமைகின்றன என்று கவனியுங்கள். முதல் வரியிலேயே ‘தற்காலிகச் சேமிப்பை (உலாவி முன்பே வாங்கி வைத்திருக்கும் கோப்புகளை) அழியுங்கள்’ என்று இருக்கும். அடுத்து ‘குக்கீகளை (உள்நுழைவு முதலியவற்றை நினைவில் வைக்கத் தளங்கள் உலாவியில் இடும் சிறு குறிப்புகளை) நீக்குங்கள்’. அதற்கடுத்து ‘உலாவியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள்’. சரிசெய் என்று தலைப்புச் சொல்லிவிட்டதால், எழுதுபவரும் எதையாவது செய்யச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். அழித்த பிறகு பக்கம் திறந்துவிட்டால், எதனால் நின்றது என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. மறுவாரம் மீண்டும் நிற்கும். திறக்காவிட்டாலோ, இருந்த தடயமும் போய், சேமித்திருந்த உள்நுழைவுகளும் போய், பயனர் முன்னிலும் மோசமான நிலையில் நிற்பார்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வலைச்செயலி நேற்றுவரை ஒழுங்காக இயங்கியது. இன்று வெள்ளைத் திரை. எஃப்12 விசையை அழுத்தி உருவாக்குநர் கருவிகளைத் திறந்தால், கன்சோல் என்னும் செய்திப் பலகத்தில் சிவப்பு வரிகள் வரிசையாக நிற்கின்றன. பார்க்க வேண்டியது முதல் வரியை. அதன் கீழுள்ளவை பெரும்பாலும் அதன் விளைவுகளாகவே இருக்கும். எதிர்பாராத இடத்தில் இடக்கோணக் குறி ஒன்று வந்துவிட்டது என்று அம்முதல் வரி சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் முதல் எழுத்தாக ஏன் கோணக் குறி வர வேண்டும்? கேட்டு வாங்கிய கோப்புகளைப் பட்டியலிடும் நெட்வொர்க் பலகத்திற்குப் போய் அந்தக் கோப்பைச் சொடுக்கினால் விடை கிடைக்கிறது: வழங்கி ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதிலாகத் தளத்தின் முகப்பு எச்டிஎம்எல் பக்கத்தையே, 200 என்ற வெற்றிக் குறியீட்டோடு அனுப்பியிருக்கிறது. நேற்றிரவு புதிய பதிப்பு வெளியாகி, கோப்புகளின் பெயர்கள் மாறிவிட்டன. உலாவி சேமித்து வைத்திருந்த பழைய முகப்புப் பக்கம் பழைய பெயரிலேயே கோப்பைக் கேட்கிறது. அப்பெயரில் கோப்பு இல்லாததால் 404 (கேட்டது இங்கு இல்லை) என்று சொல்லியிருக்க வேண்டிய வழங்கி, இல்லாத முகவரிகளுக்கெல்லாம் முகப்பையே அனுப்புமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. உலாவி அந்த எச்டிஎம்எல்லை ஜாவாஸ்கிரிப்டாகப் படிக்க முயன்று, அதன் முதல் குறியான இடக்கோணத்திலேயே இடறிவிட்டது.

இங்குத் தற்காலிகச் சேமிப்பை அழித்தால் பக்கம் திறக்கும் என்பது உண்மைதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்திச் சேமிப்பைத் தவிர்த்து மீளேற்றினாலே போதும். ஆனால் அதே முடக்கம் மற்றப் பயனர்கள் பலருக்கும் நேர்ந்திருக்கும் என்பதும், முகப்புப் பக்கத்தைச் சேமித்து வைக்காதே என்று வழங்கி அறிவுறுத்த வேண்டும் என்பதும், கண்டறிந்தவருக்கு மட்டுமே தெரியும். நிர்வாகிக்கு அவர் எழுதும் இரண்டு வரி அனைவருக்கும் பயன்படும். நம் தலைப்புச்சொல் இந்த மனப்போக்கை வளர்க்கும் சொல்லாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

எனவே என் முன்மொழிவு: தடங்கலாய்வு.

தடங்கல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஒளிபரப்பு நின்றுபோனபோதெல்லாம் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற வரியைத் திரையில் படித்துப் பழகியவர்கள் நாம். நடந்துகொண்டிருந்த ஒன்று, அல்லது நடக்க வேண்டிய ஒன்று, இடையில் நின்றுவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. யாரால், எதனால் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. சான்றிதழ் காலாவதி, கடிகாரக் குழப்பம், நீட்சியின் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரலின்) குறுக்கீடு, நிரலின் வழு ஆகிய எல்லாவற்றையும் அது தாங்கும். ‘தடை’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். 403 (அனுமதி இல்லை) போன்ற இடங்களில் அணுகல் தடை என்கிறோம்; விளம்பரத் தடுப்பான் என்கிறோம். தடை என்பது ஒருவர் வேண்டுமென்றே விதிப்பது. தடங்கல் தானாக நேர்வது. இவ்வேறுபாட்டைக் கைவிடக் கூடாது.

ஆய்வு என்ற பின்பகுதி பெரிய சொல்லாக இருக்கிறதே என்ற தயக்கம் எழலாம். ஆனால் அகழாய்வு, மெய்ப்பாய்வு, கணக்காய்வு என்று இப்பகுதி எளிதாக ஒட்டிப் பழகியிருக்கிறது. வினையாக வேண்டும்போது ‘தடங்கலை ஆராய்க’ என்று பொத்தானில் எழுதலாம். தடங்கலாய்வுக் கையேடு, தடங்கலாய்வுப் பயன்முறை என்று தொடரலாம். சோதனை என்ற சொல்லை நான் தவிர்த்ததற்குக் காரணம், அது வெளியீட்டுக்கு முன் நிரலைச் சோதிப்பதற்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது.

இதனோடு இன்னொரு வேறுபாட்டையும் நாம் நிலைநிறுத்த வேண்டும். கோப்புகளே வந்து சேராத நிலை ஒன்று. எல்லாம் வந்து சேர்ந்தும் நிரல் ஓடாத நிலை இன்னொன்று. முன்னதை ஏற்றத் தடங்கல் என்றும், பின்னதை இயக்கத் தடங்கல் என்றும் சொல்லலாம். பேச்சில் இரண்டையும் ‘லோடு ஆகவில்லை’ என்றே சொல்கிறோம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் உதவிப் பக்கம் இரண்டையும் பிரித்தாக வேண்டும், ஏனெனில் தேட வேண்டிய இடங்கள் வேறு. ஏற்றத் தடங்கலுக்கு நெட்வொர்க் பலகத்தின் நிலைக்குறியீடுகளைப் பார்க்க வேண்டும். இயக்கத் தடங்கலுக்குக் கன்சோலைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: தவறான கோப்பு ஏறியதால் இயக்கம் நின்றது. அத்தகைய எல்லைநிலைகள் இருக்கத்தான் செய்யும். அவற்றை நோய்முதல் இருக்கும் பக்கமாகச் சேர்த்து ஏற்றத் தடங்கல் என்பதே சரி என்பது என் கருத்து. ஏற்றம் என்பது பதிவேற்றத்தோடு குழம்பாதா என்றால், பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டும் ‘பதிவு’ என்ற முன்பகுதியோடு நிலைபெற்றுவிட்டதால் அந்த அச்சம் வேண்டியதில்லை. பக்கம் மெதுவாக வருவதை மட்டும் தடங்கல் என்று எழுதிவிடக் கூடாது, அது தாமதம்.

இச்சொல்லை ஏற்றுக்கொண்டால் உதவிப் பக்கத்தின் வரிசையும் மாற வேண்டும். முதலில் தனிப்பட்ட (‘இன்காக்னிட்டோ’) சாளரத்தில் அதே முகவரியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அங்குப் பழைய குக்கீகளும் சேமிப்பும் இரா. நீட்சிகளும் பொதுவாக இயங்கா. அங்குத் திறந்தால், வழங்கி பதில் தருகிறது, தடங்கல் நம் உலாவியில் உள்ள சேமிப்பையோ குக்கீயையோ நீட்சியையோ ஒட்டியது என்று எதையும் அழிக்காமலே தெரிந்துவிடும். அங்கும் திறக்காவிட்டால் வேறு கருவியில், வேறு இணைப்பில் பார்க்கலாம். அதன் பிறகே கன்சோலும் நெட்வொர்க் பலகமும். அழித்தலும் மறுநிறுவலும் கடைசியில் வர வேண்டும். நெட்வொர்க் பதிவை ஹார் கோப்பாக (நெட்வொர்க் பலகத்தில் உள்ளவற்றின் முழுப் பதிவாக) சேமித்து அனுப்பச் சொல்லும் இடத்தில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் தேவை: அக்கோப்பில் உள்நுழைவுக் குக்கீகளும் இடம்பெறக்கூடும் என்பதால் அதைப் பொதுவெளியில் பதியக் கூடாது.

இறுதியாக, நாம் உடனடியாக முடிவு செய்ய வேண்டிய இடைமுகச் சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) எழுதுகிறேன். தலைப்பு: ‘தடங்கலாய்வு’. பொத்தான்: ‘தடங்கலை ஆராய்க’. கோப்பு வந்து சேராதபோது: ‘செயலியின் சில பகுதிகளை ஏற்ற இயலவில்லை. பக்கத்தை மீளேற்றிப் பாருங்கள்.’ நிரல் இடையில் நின்றபோது: ‘செயலி இடையில் நின்றுவிட்டது. நீங்கள் உள்ளிட்டவை சேமிக்கப்பட்டுள்ளன.’ பின்னதன் இரண்டாம் வாக்கியத்தை, உண்மையிலேயே சேமிப்பு நடந்திருந்தால் மட்டும் காட்டுமாறு நிரலாளர்களிடம் சொல்ல வேண்டும். ‘சர்வீஸ் வொர்க்கர்’ (உலாவியின் பின்னணியில் இயங்கும் தளத்தின் நிரல்) என்பதற்கு இன்னும் ஏற்புடைய சொல் அமையாததால், அதை இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே விட்டுவைத்து, தனி இழையில் பேசலாம் என்பது என் வேண்டுகோள்.

அன்புடன்,
குழும உறுப்பினர்