பழைய கேம் விளம்பரங்களில் ஆட்டத்தின் திரை ஏன் சில காலம் தெரிந்தது, சில காலம் மறைந்தது?

வெற்றி கேட்டது:

வணக்கம். இணையத்தில் ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கும் பழைய அமெரிக்க இதழ்களில், 1970களின் இறுதி தொடங்கி 1995 வரை வெளிவந்த கேம் கன்சோல் விளம்பரங்களைப் பார்த்து வருகிறேன். அடாரி விசிஎஸ் கன்சோலின் ஆட்டங்களுக்கு வரைந்த ஓவியங்கள் பக்கத்தையே நிறைக்கின்றன. ஆட்டம் உண்மையில் எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் படம் இருந்தாலும் மிகச் சிறிதாகவே இருக்கிறது. பத்தாண்டு கழித்து வந்த சேகா விளம்பரங்களிலோ திரைக்காட்சிகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். கிராபிக்ஸ் முன்னேறியதால் துணிந்து காட்டத் தொடங்கினார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவை எல்லாவற்றையும் விட முன்னேறிய பிளேஸ்டேஷன் 1995இல் வந்தபோது, அதன் அறிமுக விளம்பரங்களில் திரை மறுபடியும் காணாமல் போய்விட்டது. இதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஜாய்ஸ்டிக் எழுதியது:

வெற்றி அவர்களுக்கு, அடாரியிலிருந்தே தொடங்குவோம். 1977இல் வந்த அந்தக் கன்சோலின் நினைவகம் வெறும் 128 பைட். முழுத் திரையையும் சேமித்து வைக்க அதில் இடமே கிடையாது என்பதால், தொலைக்காட்சித் திரையில் படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்க இறங்க, அந்தந்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரலாளர் அந்த நொடியிலேயே சில்லுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பின்னணி நீங்கலாக, நகரும் உருவங்களாக வன்பொருள் தந்தவை இரண்டு ஆட்டக்காரர் உருவங்கள், இரண்டு ஏவுகணைகள், ஒரு பந்து ஆகியவை மட்டுமே. 1980இல் வந்த 'அட்வென்ச்சர்' ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாயகன் ஒற்றை நிறச் சதுரம். அவனைத் துரத்தும் டிராகன்களைப் பார்த்து வாத்து என்று கேலி செய்யாத ரசிகர் இல்லை. பெட்டியின் மேல் இருந்த ஓவியமோ கோட்டையும் டிராகனுமாக ஒரு முழுக் கதையையே சொல்லியது. அதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சதுரத்தை வீரனாகக் கற்பனை செய்துகொள்ளச் சிறுவனுக்குக் கிடைத்த ஒரே துணை அந்த ஓவியம்தான்.

இந்த வழக்கத்தை உடைத்தது மேட்டல் நிறுவனத்தின் இன்டெலிவிஷன். 1979இல் சில இடங்களில் மட்டும் விற்றுப் பார்த்துவிட்டு, 1980இல் நாடு முழுவதும் அதைக் கொண்டுவந்தார்கள். விளம்பரத்தில் பேசியவர் எழுத்தாளர் ஜார்ஜ் பிளிம்ப்டன். தொழில்முறை விளையாட்டு வீரர்களோடு தானும் களத்தில் இறங்கி, அந்த அனுபவத்தை எழுதிப் புகழ்பெற்றவர். கோட்டும் டையுமாக அவர் நிற்க, பக்கத்தில் இரண்டு திரைகள் இருக்கும்: ஒன்றில் அடாரியின் பேஸ்பால், மற்றொன்றில் மேட்டலின் பேஸ்பால். அடாரியின் பக்கத்தில் பந்தைத் தடுப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; இன்டெலிவிஷனில் ஒன்பது பேரும் கையும் காலுமாகப் பச்சைப் புல்வெளியில் நிற்பார்கள். அசையாத படத்தில் எந்தக் கன்சோல் வெல்லும் என்பதை அறிந்துதான் மேட்டல் அந்தப் போட்டிக்கு அழைத்தது. ஏனென்றால், இன்டெலிவிஷன் ஆட்டங்கள் பல சற்று மந்தமாக நகர்ந்தன என்பதை அந்தப் புகைப்படம் காட்டாது.

அடாரி அதற்குத் திரையால் பதில் சொல்லவில்லை, பெயரால் சொல்லியது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 'ஆஸ்டிராய்ட்ஸ்' ஆகியவற்றை வீட்டில் ஆட வேண்டுமானால் எங்களிடம்தான் வர வேண்டும் என்று அறிவித்தது. கடைத்தெரு ஆர்கேடில் காசு போட்டு ஆடியவர்களுக்கு அந்தப் பெயர்களே போதுமானதாக இருந்தன.

1983இல் அமெரிக்க கேம் சந்தை சரிந்த பிறகு, 1985இல் நியூயார்க்கில் தன் கன்சோலை அறிமுகப்படுத்திய நின்டென்டோ, முதல் வரிசை ஆட்டங்களின் கறுப்புப் பெட்டிகளில் ஓவியத்துக்குப் பதிலாக ஆட்டத்தின் உருவங்களையே கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி அச்சிட்டது. ஏமாந்த வாடிக்கையாளரிடம் மீண்டும் விற்க வேண்டியிருந்த நிலையில் அது விவேகமான முடிவு.

எட்டு பிட் எழுதியது:

ஐயா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் திரையைக் காட்டிய விளம்பரங்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. அடாரியின் விலைப்பட்டியல் புத்தகங்கள் பலவற்றில், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் தெரிவது ஓவியர் கையால் வரைந்த மாதிரித் திரையே. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரு முழுப் படத்தை வரைய நொடியில் முப்பதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். கேமராவை அதைவிட வேகமாக இயக்கினால் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். மெதுவாக இயக்கினால் நகரும் உருவங்கள் கலங்கிவிடும். அறையை இருட்டாக்கிக்கொண்டு இந்த இரண்டுக்கும் நடுவே படம் எடுத்தவர்களின் பாடு எளிதானதல்ல.

நம் ஊரில் 1990களில் விற்ற போலி கேம் கேசட்டுகளும் நினைவுக்கு வருகின்றன. மேல் ஒட்டியிருந்த படத்துக்கும் உள்ளே இருந்த ஆட்டத்துக்கும் பல நேரங்களில் எந்தச் சம்பந்தமும் இருக்காது. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். அதே ஆட்டம் வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும்.

யாழினி எழுதியது:

சேகாவைப் பற்றி நான் சொல்கிறேன். 1989இல் சேகாவின் ஜெனிசிஸ் கன்சோல் அமெரிக்காவுக்கு வந்தபோது, எதிரே நின்டென்டோவின் எட்டு பிட் கன்சோல்தான் இருந்தது. 'ஜெனிசிஸ் டஸ் வாட் நின்டென்டோன்ட்' (நின்டென்டோ செய்யாததை ஜெனிசிஸ் செய்யும்) என்ற விளம்பர வரிசை திரைக்காட்சிகளை அள்ளி இறைத்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் அச்சுப் பக்கத்திலேயே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததுதான். அதோடு, ஜோ மொன்டானா, மைக்கேல் ஜாக்சன் போன்ற பிரபலங்களின் பெயர் தாங்கிய ஆட்டங்களையும் முன்னிறுத்தினார்கள்.

1991இல் சூப்பர் நின்டென்டோ வந்ததும் அந்த வசதி போய்விட்டது. வண்ணங்களில் புதிய கன்சோலே முந்தியிருந்தது. சேகாவிடம் மிஞ்சியது செயலியின் வேகம்: ஏறத்தாழ 7.67 மெகாஹெர்ட்ஸ், எதிரியிடம் அதிகபட்சம் 3.58. வேகத்தைத் தாளில் எப்படிக் காட்டுவது? அதனால் 'பிளாஸ்ட் பிராசசிங்' என்று ஒரு பெயரைச் சூட்டி அதையே விற்றார்கள். இரண்டு செயலிகளின் அமைப்பும் வேறு வேறு என்பதால் அந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவதே பொருந்தாது என்பது வேறு கதை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சேகாவின் கையடக்கக் கருவியான கேம் கியர். பச்சை சாயலில் மங்கித் தெரிந்த, நின்டென்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயின் திரைக்கு எதிரே வண்ணத் திரையைக் காட்டி, நாயின் படத்தைப் போட்டு, நிறக்குருடும் அறிவுக்குறைவும் உள்ளவர்களுக்கு மட்டுமே எந்தக் கருவி என்ற கவலை இருக்காது என்று கிண்டலடித்தார்கள். அச்சில் அதற்கு மறுப்பே கிடையாது. ஆனால் அந்த வண்ணத் திரைக்குப் பின்னால் எரிந்த விளக்கு ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். விலையும் 150 டாலருக்கு எதிரே 90 டாலர். விற்பனையில் கேம் பாயே வென்றது என்பது தெரிந்ததே.

வெற்றி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் விளம்பரக்காரர்கள் பார்த்தது கிராபிக்ஸின் தரத்தை அல்ல, அசையாத ஒரு படத்தில் அது எதிரியின் பக்கத்தில் எப்படி நிற்கும் என்பதைத்தான் என்று புரிந்துகொள்கிறேன். பிளேஸ்டேஷனுக்கும் இது பொருந்துமா? முப்பரிமாண ஆட்டங்கள் அச்சில் அழகாகத்தானே இருந்திருக்கும்?

பழைய ஜாய்ஸ்டிக் எழுதியது:

அழகாக இருக்கவில்லை என்பதே என் கருத்து. அந்தக் காலத்துப் பலகோண உருவங்கள் அசையும்போது மெய்சிலிர்க்க வைத்தன. அசையாமல் நின்றால் முனை முறிந்த அட்டைப் பொம்மைகளாகத் தெரிந்தன. சோனியோ வயதில் சற்று மூத்த வாசகர்களைக் குறிவைத்தது. 1995 செப்டம்பர் 9ஆம் தேதி வெளியீட்டை ஒட்டிய விளம்பரங்களில், 'U R NOT' என்ற ஆங்கில எழுத்துகளை அடுத்துச் சிவப்பு நிற 'E' ஒன்றை மட்டும் வைத்து (சிவப்பு E, அதாவது 'ரெட் ஈ', 'ரெடி' என்று ஒலிக்கும்), நீ இன்னும் தயாராகவில்லை என்ற சீண்டலை வாசகரே அவிழ்க்கும்படி விட்டார்கள். 299 டாலர் என்ற விலையும் கையில் இருந்தது. போட்டிக் கன்சோலான சேகாவின் சாட்டர்ன் 399. காட்டாமலே விற்கும் தெம்பு அவர்களுக்கு இருந்தது.

அதே ஆண்டில் தெம்பில்லாமல் மறைத்த ஓர் ஆட்டமும் உண்டு: நின்டென்டோவின் 'எர்த்பவுண்ட்'. முந்தைய ஆண்டு 'டாங்கி காங் கன்ட்ரி' ஆட்டத்தின் படங்கள் பளபளத்த பிறகு, எர்த்பவுண்டின் எளிய கோட்டுச் சித்திரங்கள் பழையவையாகத் தெரிந்தன. எனவே, 'இந்த ஆட்டம் நாறுகிறது' என்ற தலைப்போடு, சுரண்டினால் துர்நாற்றம் வீசும் ஒட்டுகளை இதழ்களில் வைத்தார்கள். அமெரிக்காவில் ஆட்டம் அப்போது சரியாக விற்கவில்லை. அதை உருவாக்கிய ஷிகேசாடோ இடோய், ஜப்பானின் தலைசிறந்த விளம்பர வாசக எழுத்தாளர்களில் ஒருவர். அவரிடமே ஒரு வரி கேட்டிருக்கலாம்.