களியக்காவிளை தாண்டினால் பாட்டும் புத்தகமும் எங்கே நடக்கிறது?

குழித்துறைக் குடம் கேட்கிறார்:

வணக்கம் மக்களே. மார்த்தாண்டத்தில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பகல் முழுக்க எழுத்தோடுதான் பிழைப்பு. சாயங்காலம் மூன்று பேர் சேர்ந்து சொந்தப் பாட்டு போட்டு வாசிக்கிறோம். ஒருவன் கிட்டார், ஒருத்தி பாட்டு, நான் வில்லுப்பாட்டுக் குடம். எங்கள் தாத்தா கொடைகளில் அடித்த குடம் அது. ஒரு கையில் கமுகம்பாளையில் செய்த பத்தி என்கிற தட்டையும் இன்னொரு கையில் பழைய காசும் வைத்துக்கொண்டு அடித்தால் குடத்தின் வாயிலிருந்து வரும் தும்மென்ற சத்தமும் பக்கவாட்டில் காசு படும் ணங்கென்ற சத்தமும் கிட்டாரோடு அவ்வளவு அழகாகச் சேருகிறது.

போன மாதம் இங்கே ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி வைத்தோம். நாற்பது பேர் வந்தார்கள். முழு வாடகையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, நான்காவது பாட்டின் நடுவில் மைக்கை அணைத்துவிட்டார்கள். சினிமாப் பாட்டு பாடினால் இன்னும் அரை மணி நேரம் தரலாம் என்றார் பொறுப்பாளர். பாடுகிறவள் அழுதுகொண்டே இறங்கினாள். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம், இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் நான் அங்கே ஆஸ்பத்திரிக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் மட்டுமே போயிருக்கிறேன். அங்கே சின்ன அளவில் பாட்டு, நாடகம், புத்தகம் எல்லாம் எங்கே நடக்கிறது? மலையாளம் பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது. என்னைப் போன்றவன் போய் உட்கார முடியுமா? அப்புறம், முப்பத்திரண்டு பக்கத்தில் கவிதைப் புத்தகம் ஒன்று நானே அச்சடித்து வைத்திருக்கிறேன், எட்டு ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்தது. அதை யாரிடம் காட்டுவது?

தம்பானூர்வாசி:

தம்பி, முதலில் அந்த மண்டபத்தை மறந்துவிடுங்கள். நாற்பது பேர் சொந்தப் பாட்டு கேட்க வந்தார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் நாகர்கோவில்காரன், இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. முதலில் சினிமா விழாவைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் கலை பிடித்தவர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கிற வாரம் அதுதான். கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது, 1998 முதல் கேரள அரசின் சலச்சித்திர (திரைப்பட) அகாதெமி நடத்துகிறது, டிசம்பரில் வரும். டெலிகேட் பாஸ் எடுக்க வேண்டும், மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. கைரளி, ஸ்ரீ, நிளா என்று அரசுத் தியேட்டர் மூன்றும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாலே போதும். எந்த நாட்டுப் படமானாலும் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும், அதனால் மலையாளம் வாசிக்கத் தெரியாதது அங்கே ஒரு பிரச்சினையே இல்லை. முன்பதிவு கிடைக்காவிட்டால் வரிசையில் நில்லுங்கள். அந்த வரிசையில் நின்றுதான் எனக்கு இன்றைக்கு இருக்கிற பாதி நண்பர்கள் கிடைத்தார்கள். வழுதக்காட்டில் தாகூர் தியேட்டர் வாசலில் படிக்கட்டில் உட்கார்ந்து பறை, கிட்டார் என்று ஆளாளுக்கு வாசிப்பார்கள், யாரும் யாரையும் எழுப்ப மாட்டார்கள். உங்கள் குடத்தை அங்கே கொண்டு வாருங்கள்.

புத்தகத்துக்குச் சட்டசபை நடத்துகிற புத்தக விழா இருக்கிறது. 2023-இல் தொடங்கினார்கள், பெரும்பாலும் சனவரியில் வைக்கிறார்கள். சட்டசபை வளாகத்துக்குள்ளேயே கடைகள், பேச்சு, கவிதை வாசிப்பு எல்லாம், உள்ளே போகக் காசு கிடையாது. தமிழ்ப் புத்தகம் அங்கே குறைவுதான், அதை நான் மறைக்கவில்லை. கவிதைப் புத்தகத்துக்கு நாகர்கோவில் பக்கமே திரும்பிப் பாருங்கள். காலச்சுவடு 1988-இல் அங்கிருந்து காலாண்டிதழாகத்தான் கிளம்பியது. சின்னதாகத் தொடங்குவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல.

பாறசாலை மருமகள்:

தம்பானூர் அண்ணன் பாட்டை விட்டுவிட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

நவராத்திரிக்கு ஒரு முறை கட்டாயம் போங்கள். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானை மேல் கிளம்பும்போது கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் போவார்களே, உங்கள் ஊர் வழியாகத்தானே போகிறார்கள், முதல் ராத்திரி குழித்துறையில்தானே தங்குகிறார்கள்! அந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்தது என்று எங்கள் வீட்டில் மாமியார் சொல்லுவார். நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும் சரஸ்வதி இருப்பது நவராத்திரி மண்டபத்தில். அதன் முன்னால்தான் ஒன்பது நாள் கச்சேரி. ஒரு நாளைக்கு ஒரு ராகம், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய கீர்த்தனை: முதல் நாள் சங்கராபரணம், அடுத்த நாள் கல்யாணி, கடைசி நாள் ஆரபி. ஆண்கள் வேட்டி கட்டிப் போக வேண்டும். யாரும் கை தட்டக் கூடாது. பாட்டு முடிந்ததும் சும்மா ஒரு அமைதி வரும், அந்த அமைதிக்காகவே நான் போவேன்.

இதை ஏன் உங்கள் பாட்டுக்காரப் பெண்ணுக்காகச் சொல்கிறேன் தெரியுமா? அந்த மண்டபத்தில் 2006 வரை பெண்கள் பாடியதே இல்லை. அந்த வருடம் முதன்முதலாகப் பாடியவர் எங்கள் பாறசாலை பொன்னம்மாள். 1924-இல் பிறந்தவர், அப்போது எண்பது தாண்டிவிட்டது அவருக்கு. திருவனந்தபுரம் இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்ணும் அவர்தான். அத்தனை வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊருக்குள் இருக்கிற ஒரு மண்டபத்தில் பாட எண்பது வயது வரை காத்திருந்தார். 2021-இல் போய்ச் சேர்ந்தார். நான்காவது பாட்டில் மைக்கை அணைத்தார்கள் என்று அழுத அந்தத் தங்கச்சியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சனவரியில் குதிரமாளிகை அரண்மனையில் சுவாதி சங்கீத உற்சவம். சாயங்காலம், வெட்டவெளியில், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், டிக்கெட் கிடையாது. பத்மநாப சுவாமி கோவில் பக்கத்திலேயே இருக்கிறது.

களியல் பஸ்:

எல்லாம் சரி, திரும்பி வருவது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே. ராத்திரி நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் போய் இறங்கியதுமே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தம்பானூரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், போனில் பார்த்ததை மட்டும் நம்ப வேண்டாம். நேர் பஸ் போய்விட்டால் களியக்காவிளை வரைக்கும் ஏதாவது கிடைக்கும், அங்கே இறங்கி மாறலாம். குடத்தோடு வருகிறவர் என்றால் கடைசி சீட்டில் உட்கார வேண்டாம், நெய்யாற்றின்கரை தாண்டி வருகிற குலுக்கலில் ஒரு தடவை என் தபலாவே வார் தளர்ந்துவிட்டது.

சாலைக்கடை மகன்:

என் அப்பா காலத்திலிருந்து சாலையில் வியாபாரம், வீட்டில் தமிழ், கடையில் இரண்டும். இரண்டு இடம் சொல்கிறேன்.

ஒன்று மானவீயம் வீதி. வெள்ளையம்பலம் பக்கம், மரங்கள் கவிந்த ஒரு சின்ன ரோடு, ஒரு முனையில் மலையாளக் கவிஞர் வயலார் சிலை. தெருவிலேயே படம் வரைவார்கள், பாடுவார்கள், நாடகம் போடுவார்கள். மைக் வைப்பதென்றால் முன்னாலேயே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது கிட்டாரும் குடமும்தானே, மைக் இல்லாமலே ஒரு சாயங்காலம் வாசித்துப் பாருங்கள். தமிழ்ப் பாட்டென்றால் நின்று கேட்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேடையில் பாடுகிறவரைப் பார்க்கிற மாதிரி இல்லாமல் நாலடி தூரத்தில் நின்று உங்கள் கையைப் பார்ப்பார்கள், குடத்துக்கு அதுதான் சரியான தூரம்.

இன்னொன்று பாளையத்தில் இருக்கிற பப்ளிக் லைப்ரரி. 1829-இல் தொடங்கியது, தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. பகலில் சும்மா வந்தால் அங்கே உட்காருங்கள்.

மலையாள எழுத்தைப் பற்றி: பேச்சு புரிகிறவருக்கு அது பெரிய வேலையே இல்லை. நீங்கள் எழுத்து கோர்க்கிற ஆள் வேறு, கண் பழகிய கண். ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் பஸ் போர்டைப் படித்துக்கொண்டே வாருங்கள். நாடகம், கவிதை, சங்கீதம் எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள்தான், எழுத்து மட்டும்தான் வேறு. போஸ்டர் படிக்க வந்துவிட்டால் அப்புறம் இந்த மாதிரி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, சுவரே சொல்லிவிடும்.

குழித்துறைக் குடம்:

அண்ணாச்சிமாருக்கும் அக்காவுக்கும் நன்றி. பொன்னம்மாள் பற்றி அக்கா எழுதியதை எங்கள் பாட்டுக்காரிக்கு அப்படியே போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் “எந்த ஞாயிற்றுக்கிழமை போறோம்?” என்று மட்டும் கேட்டாள்.

சாலைக்கடை அண்ணாச்சி, மானவீயத்தில் எத்தனை மணிக்கு ஆள் வர ஆரம்பிக்கும்? குடத்துக்கு அடியில் வைக்கிற வைக்கோல் புரியை எடுத்து வரலாமா, இல்லை ரோட்டில் துணி மட்டும் போதுமா?

சாலைக்கடை மகன்:

வெயில் தாழ்ந்ததும் வந்துவிடுங்கள், தம்பி. புரியையும் எடுத்து வாருங்கள், தரை சமமாக இருக்காது. கவிதைப் புத்தகத்தில் ஐந்தாறு பிரதியும் பையில் போட்டு வையுங்கள், முதல் பிரதி எனக்கு.