காய்ச்சல் விட்ட பிறகு கை கால் விழுந்துவிட்டது, ஜி.பி.எஸ். (கில்லன் பாரே சிண்ட்ரோம்) என்கிறார்கள். யாருக்காவது அனுபவம் உண்டா?

உசிலம்பட்டி தங்கச்சி:
எங்கள் அண்ணனுக்கு 38 வயது, டிராக்டர் ஓட்டுகிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் நாலு நாள் காய்ச்சல், உடம்பு வலி, அப்புறம் சரியாகி வேலைக்கும் போய்விட்டார். போன வியாழக்கிழமை தொழுவத்திலிருந்து வந்தவர் ஒரு காலில் செருப்பு இல்லாமல் வந்து நிற்கிறார், கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் சத்துக் குறைவு என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், அதில் ஒரு நாள் முழுசாகப் போனது. சனிக்கிழமை டம்ளரைக்கூடத் தூக்க முடியாமல் போனதும் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். கில்லன் பாரே சிண்ட்ரோம் என்கிறார்கள். ஆனால் முதுகில் எடுத்த நீர் நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்படியென்றால் நோயை மாற்றிச் சொல்கிறார்களா? ஊரில் பெரியவர்கள் இது வாதம், எண்ணெய் வைத்தியத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். திரும்ப நடப்பாரா? ரொம்பப் பயமாக இருக்கிறது.

மேலூர் வாத்தியார்:
தங்கச்சி, அவரை அங்கிருந்து எங்கேயும் கூட்டிப் போகாதீர்கள். எனக்கு 2019இல் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு இதே நோய்தான் வந்தது. பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கமாக விழும், இது இரண்டு காலிலும் தொடங்கி மேலே ஏறும். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் நம் நரம்பையே தாக்குவதால் வருவது. முதுகு நீரில் புரதம் கூடியிருக்கும் என்பார்கள், ஆனால் முதல் வாரத்தில் பலருக்கு நார்மலாகத்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. முட்டியில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுகிறதா என்பதையும், நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இப்போது மூச்சைத்தான் கவனிக்க வேண்டும். நாலைந்து பேரில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தாலோ, தண்ணீர் புரையேறினாலோ, குரல் கம்மினாலோ நடுராத்திரி என்றாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். 20க்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டாம். நடையைக் கேட்டீர்கள், ஆறு மாதத்தில் பத்தில் எட்டுப் பேர் துணையில்லாமல் நடந்துவிடுகிறார்கள். எனக்கு ஏழு மாதம் ஆனது, பாதத்தில் மரமரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறேன்.

மதிச்சியம் பிசியோ:
இம்யூனோகுளோபுலின் (தானம் கொடுத்தவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்) ஊசி பெரும்பாலும் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள் போடுவார்கள். 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 120 கிராம், விலை அதிகம், அதனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இன்றைக்கே கவுண்டரில் கேளுங்கள். அதற்குப் பதில் பிளாஸ்மா மாற்றம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்று நீர் ஏற்றுவது, செய்தாலும் பலன் ஒன்றுதான். எதுவானாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. ஸ்டீராய்டு போடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், ஜி.பி.எஸ்.ஸுக்கு அது பலன் தராது. இரண்டு மாதத்துக்கு மேலும் பலவீனம் கூடிக்கொண்டே போகும் சி.ஐ.டி.பி. என்ற நரம்பு நோய் வேறு, ஸ்டீராய்டு அதற்குத்தான் உதவும்.

எண்ணெய் தேய்த்து இழுத்து உருவ மட்டும் விடாதீர்கள் அக்கா, தொய்ந்த தோளை இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். பாதம் தொங்காமல் தலையணையை முட்டுக் கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள்.

வாடிப்பட்டி செல்வி:
எங்கள் அம்மாவுக்கு இதிலேயே மில்லர் ஃபிஷர் என்ற வகை. கை கால் பலம் குறையவே இல்லை, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, நடை தள்ளாடியது. கண்ணில்தான் கோளாறு என்று கண் டாக்டரிடம் போனோம், அவர்தான் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். மூன்று மாதத்தில் பழையபடி ஊசியில் நூல் கோத்துவிட்டார்.

உசிலம்பட்டி தங்கச்சி:
வாத்தியார் அண்ணா, எண்ணச் சொன்னேன். காலையில் 31, இப்போது 24. உடனே டாக்டரிடம் சொன்னேன், அவரும் ஊதிப் பார்க்கச் சொல்லிவிட்டு ஐ.சி.யூ.வுக்கு மாற்றுகிறார். ஊசி இன்று ராத்திரியே தொடங்குகிறதாம். பெரியப்பாவிடம் எண்ணெய் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.